ஹாங்காங்கில் முதல் டிசம்பரா? துங் ஜி மாலையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்

ஹாங்காங்குக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எல்லாரும் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பற்றித்தான் சொல்வார்கள். அதற்குச் சில நாள் முன்னால் வரும் துங் ஜி என்ற சீனப் பண்டிகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தெருவில் பெரிதாக அலங்காரம் எதுவும் இருக்காது, அதனால் நமக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் புத்தாண்டைவிட இதுதான் பெரிது என்று இங்கே ஒரு சொலவடையே உண்டு. ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்த நாள் இது. சீனப் புத்தாண்டு போலப் பிறையைப் பார்த்து வருவதில்லை, சூரியக் கணக்குதான். ஆகவே தேதி டிசம்பர் 21 அல்லது 22-ஐ விட்டு அதிகம் நகராது. 2026-இல் டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை.

விடுமுறை உண்டா என்றால், அது உங்கள் முதலாளி கையில். துங் ஜி, கிறிஸ்துமஸ் இரண்டில் ஒன்றைச் சட்டப்படியான விடுமுறையாக அவர் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான அலுவலகங்களில் கிறிஸ்துமஸ்தான் விடுமுறை. இருந்தாலும் பல இடங்களில் துங் ஜி அன்று சாயங்காலம் சீக்கிரமே ஆட்களை அனுப்பிவிடுவார்கள். ஐந்து மணிக்கு மீட்டிங் வைக்காதீர்கள், டீம் டின்னர் வேண்டவே வேண்டாம். அது குடும்பம் மொத்தமும் ஒரு மேசையில் உட்காரும் இரவு. சின்னக் கடைகள் பல சீக்கிரம் மூடிவிடும், எம்டிஆர் மெட்ரோ ரயிலில் கூட்டம் முன்கூட்டியே ஆரம்பித்துவிடும். சீன உணவகங்களில் இரண்டு பந்தி கணக்கில் முன்பதிவு ஓடும், சும்மா போய் நின்றால் மேசை கிடைக்காது. காய்கறியை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

சீன நண்பர் யாராவது அன்று வீட்டுக்குக் கூப்பிட்டால், தட்டாமல் போங்கள். நல்ல பழமோ ஒரு டப்பா பிஸ்கட்டோ வாங்கிப் போய் இரண்டு கையாலும் கொடுங்கள். கடிகாரம் மட்டும் பரிசாக வேண்டாம், அபசகுனம் என்பார்கள். 'துங் ஜி ஃபாய் லோக்' (துங் ஜி வாழ்த்துகள்) என்று சொல்லிவிட்டு உட்காருங்கள், பாட்டிமார் முகம் மலர்ந்துவிடும். சில வீடுகளில் முதலில் முன்னோர்களுக்குப் படைத்து ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் பந்தி.

மேசையில் முழுக் கோழி, முழு மீன், காளான், காயவைத்த சிப்பி எல்லாம் வரும். கோழி தலையோடு இருக்கலாம், எலும்போரம் லேசாகச் சிவந்தும் இருக்கலாம். வேகவில்லை என்று பயப்படாதீர்கள், அவர்கள் பக்குவமே அப்படித்தான். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்ட எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டால் அபார ருசி. பன்றி இறைச்சி ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால், மீன் சாப்பிடலாம்தானே என்று கேட்பார்கள். பௌத்தர்களின் சைவச் சாப்பாட்டை இங்கே 'ஜாய்' என்பார்கள். 'சிக் ஜாய்', அதாவது சைவம் சாப்பிடுவேன் என்று, அழைப்பு வந்த அன்றே சொல்லிவிடுங்கள். கீரை வதக்கலில்கூட சிப்பி சாஸ் விழும்.

கடைசியில் வருவது டோங் யூன் என்ற இனிப்பு உருண்டை. நம் பால் கொழுக்கட்டையை இஞ்சிப் பாகில் போட்டதுபோல இருக்கும். உள்ளே கறுப்பு எள்ளோ வேர்க்கடலையோ பூரணமாக இருக்கும். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கொதிக்கும், மெதுவாகக் கடியுங்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சிறு துண்டாக்கிக் கொடுங்கள், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். எள்ளுப் பூரணத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். சூப்பர் மார்க்கெட் உறைபெட்டியில் பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் 'லார்ட்' (lard) என்று இருக்கிறதா பாருங்கள்.

வீட்டிலேயே செய்தால் அந்தக் கவலை இல்லை. தாய்லாந்தின் எரவான் மாவு பல கடைகளில் கிடைக்கும், பாக்கெட்டில் மூன்று தலை யானை இருக்கும். சிவப்பு எழுத்து சாதா அரிசி மாவு, இடியாப்பத்துக்கு ஆகும். பச்சை எழுத்துதான் பசையரிசி மாவு, இதற்கு அதுதான் வேண்டும். பச்சரிசி மாவில் செய்தால் இழுபடாமல் விண்டு போகும். 200 கிராம் மாவில் வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காது மடல் பதத்துக்குப் பிசையுங்கள். எள்ளை வறுத்துப் பொடித்து, சர்க்கரையும் கொஞ்சம் நெய்யும் சேர்த்து உருட்டி உள்ளே வையுங்கள். கொதிநீரில் போட்டு, மிதந்து வந்தபின் இன்னும் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். தட்டின இஞ்சியைப் பழுப்புச் சர்க்கரைக் கட்டியோடு கொதிக்கவிட்டால் பாகு தயார். வெல்லம் போட்டாலும் ஒன்றும் குறையாது. எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

அப்புறம், லாய் சீ எனும் பணம் வைத்த சிவப்பு உறை துங் ஜிக்குத் தேவையில்லை. அது சீனப் புத்தாண்டுக்கு, 2027-இல் பிப்ரவரி 6. கல்யாணமானவர் என்றால் உங்கள் கட்டடக் காவலாளிகளுக்கு அப்போது உறை தர வேண்டியிருக்கும். வங்கியில் புது நோட்டுக்கு வரிசை நீளும் முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.