அரிசி மூட்டையும் என் இடுப்பும்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். லாரி வந்தால் 25 கிலோ அரிசி மூட்டை நாற்பது, ஐம்பது இறங்கும். ஒரு நாள் தரையில் கிடந்த மூட்டையைக் குனிந்து தூக்கி, கால் நின்ற இடத்திலேயே இடுப்பை மட்டும் அலமாரிப் பக்கம் திருப்பினேன். சுரீர் என்றது. மூன்று நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை.

திரும்பி வந்ததும் இடுப்பு பெல்ட் வாங்கினேன். வேர்த்ததுதான் மிச்சம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், எல்லாம் தோதாக அமைந்தாலே ஒருவர் தூக்க 23 கிலோதான் வரம்பு என்கிறது. எங்கள் மூட்டையோ அதற்கும் மேல், அதுவும் தரையிலிருந்து!

சரி, மூட்டை வைக்கும் இடத்தை மாற்றுவோம் என்று இறங்கினேன். சரக்கு வைக்கும் தட்டான பேலட், காலியாக இருந்ததில் மூன்றை அடுக்கி அதன்மேல் அரிசியை ஏற்றினோம். இப்போது மூட்டை முட்டிக்கு மேலே இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் இடுப்பில் சுமை பல மடங்காகும் என்பதால், குழந்தையைத் தூக்குவதுபோல் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறேன். திரும்பும்போது முதலில் கால்தான் திரும்பும்.

அப்புறம் அந்தத் தள்ளுவண்டி. ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யாரும் தொடமாட்டார்கள். கவிழ்த்துப் பார்த்தால், முன்சக்கரத்து அச்சில் சாக்கு நூல் கருப்பாகச் சுற்றி இறுகிக் கிடந்தது. கட்டரால் அறுத்து எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். பத்து நிமிட வேலை. இப்போது அதற்குச் சண்டை நடக்கிறது.