துணிப்பைக்கு மாறும்போது நேரும் தவறுகள்

பிளாஸ்டிக் பைகளைக் கைவிடுவதென்று முடிவெடுத்தவர்கள் செய்யும் முதல் தவறு, அந்த உற்சாகத்திலேயே கடைக்குச் சென்று புதிய துணிப்பைகளை வாங்கிவிடுவது. எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கியவற்றை ஒருநாள் இறக்கி எண்ணிப் பார்த்தேன். திருமண வீடுகளில் தேங்காயும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கொடுத்த மஞ்சள் பைகள், ஜவுளிக்கடைக் கட்டைப்பைகள், ஏதோ ஒரு கருத்தரங்கில் கிடைத்த சணல் பை என்று மொத்தம் 19 இருந்தன. அவற்றுள் ஒழுங்காகக் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

இதில் என்ன கேடு என்று தோன்றலாம். பருத்தியை விளைவிக்க நீரும் உரமும் பூச்சிமருந்தும் வேண்டும். அதை நூற்று, நெய்து, சாயமேற்றிப் பையாகத் தைப்பதற்குள் மின்சாரமும் கணிசமாகச் செலவாகிவிடுகிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பையின் புவி வெப்பமாக்கல் பாதிப்பு குறைய வேண்டுமானால், அதைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தியாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குச் செல்பவருக்கு இது ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டுக் கணக்கு. நல்ல தையலுள்ள பைக்கு அது பெரிய காலமன்று. ஆணியில் தொங்கும் பைக்கோ அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை.

இத்தகைய எண்களைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதும் ஒரு தவறுதான். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வில் பருத்திப் பைக்கு 7,100 முறை என்ற எண் வருகிறது. 'பார்த்தீர்களா, துணியைவிடப் பிளாஸ்டிக்கே மேல்' என்று வாதிடுவோருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஓசோன் படலத்துக்கு நேரும் பாதிப்பையும் உள்ளடக்கி எல்லா அளவுகோல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது வரும் எண் அது. பருவநிலை மாற்றத்தை மட்டும் கொண்டால் அதே ஆய்வு சொல்வது 52 முறைதான். மேலும், வீசியெறியப்பட்ட பை மழைநீர் வடிகாலை அடைப்பதையும் மாட்டின் வயிற்றில் போய்ச் சேர்வதையும் இவ்வாய்வு கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊர்களில் பிளாஸ்டிக் பையைத் தவிர்க்கச் சொல்வதற்கு முதன்மையான காரணங்களே இவைதாம்.

துணி என்று நம்பித் துணியல்லாததை வாங்குவது பரவலாக நடக்கும் பிழை. கடைகளில் பளிச்சென்ற நிறங்களில் கிடைக்கும் 'நான்-ஓவன்' பை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளை வெப்பத்தால் ஒட்டவைத்துச் செய்யப்படுவது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருந்தது. உற்றுப் பார்த்தால் நெசவின் ஊடும் பாவும் தெரியாது. மாறாக, வரிசையாக அழுத்திய சிறு புள்ளிகள் தெரியும். ஐயம் தீராவிட்டால் ஓர் இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக்கானால் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். வெயிலில் கிடந்தால் இந்தப் பை பொடிப்பொடியாக உதிரும் என்பதே அதன் மீது எனக்குள்ள பெரிய குறை.

சணல் பை உறுதியானதுதான். ஆனால் பலவற்றின் உட்புறம் பிளாஸ்டிக் ஏடு ஒட்டப்பட்டிருக்கும். கையைவிட்டுத் தடவிப் பார்த்து வாங்குவது நல்லது. 'மக்கும் பை' என்று எழுதியிருப்பதை வாங்கித் தோட்டத்தில் புதைத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 60 பாகை வெப்பம் நிலைத்திருக்கும் உரக்கூடங்களில் மக்குவதற்கென்றே உருவாக்கப்பட்டவை.

பை வாங்கும்போது பெரும்பாலோர் துணியின் பருமனையும் நிறத்தையும் பார்க்கிறார்களே தவிர, கைப்பிடியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. 5 கிலோ அரிசியோ தேங்காய்களோ உள்ளே இருக்கும்போது துணி கிழிவது அரிது. பிடி தைத்த இடம்தான் விட்டுப்போகும். பிடியின் முனை இரண்டு விரற்கடை அளவாவது உள்ளே இறங்கி, சதுரமாகத் தைத்து அதன் நடுவே குறுக்குத் தையலும் போட்டிருந்தால் நெடுநாள் தாங்கும். ஒற்றைத் தையலுள்ள பையானால் முதல் நாளே தையற்காரரிடம் கொடுத்து இன்னொரு வரி ஓட்டச் சொல்வது மேல்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே பையை நீட்டுவது அடுத்த பிழை. மீனும் இறைச்சியும் வாங்கத் தூக்குவாளியோ மூடியுள்ள பாத்திரமோ கொண்டுசெல்ல வேண்டும். அவற்றின் நீர் ஊறிய பையில் மறுநாள் கொத்துமல்லி வாங்கிவந்தால் கிருமிகளும் கூடவே வரும். காய்கறிப் பையை இரு வாரத்துக்கு ஒரு முறையாவது துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெயிலில் உலர்த்த வேண்டும். மஞ்சள் பையை முதல் முறை தனியாக நனைக்காவிட்டால் வெள்ளை வேட்டி மஞ்சளாகிவிடும்; இது எங்கள் வீட்டில் நேர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் பையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவதுதான் நாள்தோறும் நடப்பது. சாமான்களை இறக்கிவைத்த கையோடு பையை மடித்து, ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலோ வாசல் செருப்பு அலமாரியின் மேலோ வைத்துவிட்டால் மறதிக்கு இடமிராது. கதவின் பின்னால் உள்ள ஆணிக்குப் போன பை அங்கேயே தங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் மிச்சமிருந்த 18 பைகளில் பாதியை, பை கொண்டுவர மறந்தவர்களுக்குக் கொடுக்கட்டும் என்று தெருமுனைக் காய்கறிக் கடையில் கொடுத்துவிட்டோம். பிடி அறுந்திருந்த மூன்று, இப்போது அடுப்படியில் கரித்துணியாக இருக்கின்றன.