மூன்று இரவுக்கு மூன்று லாட்ஜ் வேண்டாம்

போன மாதம் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் அனுப்பினான். தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில் மூன்று இரவு, மூன்று லாட்ஜ். "எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. முதல்முறை போனபோது நான் போட்ட அதே திட்டம்.

லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜை நினைக்காதீர்கள். ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு 1,000 டாலரைத் தாண்டுகிற இடங்கள் அங்கே சாதாரணம். தொப்பி, பைனாகுலர், வெயில் கிரீம் எல்லாம் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். முதல்முறை போகிறவர்கள் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

லாட்ஜுக்கு ஓர் இரவு

எக்செல்லில் பார்த்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது. மதியம் போய்ச் சேர்கிறீர்கள். நாலு மணி வாக்கில் ஒரு சஃபாரி, மறுநாள் விடியற்காலையில் இன்னொன்று. பத்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். ஆக ஓர் இரவுக்கு இரண்டு சஃபாரி. மூன்று லாட்ஜில் தங்கினாலும் மொத்தம் ஆறு, ஒரே லாட்ஜில் தங்கினாலும் ஆறு. அப்புறம் என்ன, மூன்றையும் பார்த்துவிடலாமே என்றுதான் நானும் கணக்குப் போட்டேன்.

முதல் நாள் மாலை, ஒரு மருலா மரத்தின் கிளையில் பாதி தின்ற இம்பாலா மான் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே புல்லில் பெண் சிறுத்தை. வண்டியின் முன்னால், பானெட்டை ஒட்டிய தனி இருக்கையில் டிராக்கர், அதாவது விலங்குகளின் தடம் பார்க்கிறவர், உட்கார்ந்திருப்பார். அவர் திரும்பி, "இதுக்குக் குட்டிகள் உண்டு. இரை தீரும்வரை இங்கேதான் வரும். நாளைக்குச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு வந்தாலும் வரும்" என்றார். மறுநாள் சாயங்காலம் நாங்கள் அடுத்த லாட்ஜில், முகம் தெரியாத இன்னொரு கைடிடம், "இதுவரை என்னென்ன பார்த்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். முதல் நாள் எங்களோடு அதே வண்டியில் வந்த குடும்பம் இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பியது. அதே மரம், அதே கிளை, இரண்டு குட்டிகள். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

நேற்று இருட்டியதால் விட்டுவந்த கால்தடத்தை டிராக்கர் இன்று காலை அதே இடத்தில் பிடிப்பார். கழுதைப்புலியின் வளை எங்கே, சிங்கக் கூட்டம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு எதில் ஆசை, பறவையா யானையா என்று கைடுக்குப் பிடிபடவே ஒரு நாள் ஆகும். லாட்ஜ் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. போதாததற்குக் காலைச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு மூட்டை கட்ட வேண்டும், போக்குவரத்துக்குத் தனியாகச் செலவு, வழியில் தாமதமானால் அன்றைய மாலை சஃபாரியும் போச்சு.

சரி, வேறு லாட்ஜ் என்றால் வேறு காடு கிடைக்குமே என்பீர்கள். பக்கத்துப் பக்கத்து லாட்ஜ் என்றால் பெரும்பாலும் கிடைக்காது. சாபி சாண்டுக்கும் குரூகர் தேசியப் பூங்காவுக்கும் நடுவே இருந்த வேலியை 1993-லேயே எடுத்துவிட்டார்கள். விலங்குகள் இஷ்டப்படி வந்துபோகின்றன. வண்டிகளுக்குத்தான் எல்லை. ஒவ்வொரு லாட்ஜும் தன் நிலத்திலும், பேசி வைத்த பக்கத்து நிலத்திலும் மட்டுமே ஓட்டலாம். சிறுத்தை அந்த எல்லையைத் தாண்டினால் உங்கள் வண்டி நின்றுவிடும். அதனால் முன்பதிவு செய்யும்போது நீச்சல்குளத்தின் படத்தைப் பார்ப்பதைவிட, எவ்வளவு நிலத்தில் ஓட்ட அனுமதி என்று கேளுங்கள். ஒரே வகை மரம்தானா, ஆற்றங்கரையும் உண்டா என்பதையும் கேளுங்கள். பிறகு அங்கேயே மூன்று இரவு இருங்கள். நான்கு இரவு தங்கினால் மூன்றுக்கு மட்டும் காசு என்று சீசன் இல்லாத மாதங்களில் சில இடங்களில் சலுகையும் உண்டு.

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி

லாட்ஜுக்குப் போகிற குட்டி விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மடங்குகிற துணிப் பை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

இந்தியாவிலிருந்து நேராகத் தென்னாப்பிரிக்கா போய்த் திரும்பினால் இதற்கு வேலையில்லை. "அப்படியே கென்யாவில் மசாய் மாராவும்" என்று சேர்க்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு, அங்கே போய்வந்தால் ஊசி போட்ட சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டும். சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைக்க இங்கே சட்டம் இருக்கிறது.

"சிறுத்தை எங்கே, சிறுத்தை எங்கே?"

கைடை நச்சரிக்காதீர்கள். ரேடியோவில் "இங்வே" என்று காதில் விழுந்தால் அது சிறுத்தை, ஜூலு மொழிச் சொல். விருந்தாளிகளுக்கு வீணாக ஆசை காட்ட வேண்டாம் என்றுதான் அப்படிப் பேசிக்கொள்கிறார்கள். நான் கெட்டிக்காரன் மாதிரி அதைக் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். போய்ச் சேர்வதற்குள் சிறுத்தை புதருக்குள் போய்விட்டது. வண்டியில் யாரும் என்னோடு பேசவில்லை.

ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். திறந்த வண்டியில் காலை ஆறு மணிக்குக் காற்று முகத்தில் அறையும். கையுறை கொண்டுபோங்கள்.

சைவச் சாப்பாடு

முன்பதிவின்போதே சொல்லுங்கள். நடுக்காட்டில் பக்கத்துக் கடை கிடையாது.

இரவில் அறைக்குத் தனியாக நடப்பது

கூடாது. பல லாட்ஜுகளுக்குச் சுற்றுவேலி கிடையாது. டார்ச்சோடு ஆள் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.