அரிதானதெல்லாம் விலை போகுமா? இரண்டு ஸ்போர்ட்ஸ் காரை எடைபோடும்போது நடக்கும் தவறுகள்

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து முகப்பில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பங்காளிகள் இரண்டு பேருக்குள் வாக்குவாதம்: ஃபெராரி எஃப்40 ஒசத்தியா, போர்ஷே 959 ஒசத்தியா? இரண்டில் ஒன்றைக்கூட அவர்கள் நேரில் பார்த்ததில்லை. நானும்தான்.

“959 மொத்தமே முந்நூறு சொச்சம். எஃப்40 ஆயிரத்து முந்நூறுக்கு மேல. எது கம்மியோ அதுக்குத்தானே அண்ணே விலை?” என்றான் சின்னவன்.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஏலத்தில் பல வருஷமாக எஃப்40தான் மேலே நிற்கிறது. கம்பெனியை நிறுவிய என்ஸோ ஃபெராரி 1988இல் மறைவதற்கு முன் அவர் பார்வையில் வெளிவந்த கடைசி ஃபெராரி என்ற பெயர் அதற்கு. 959க்கோ அமெரிக்கச் சந்தையே வெகுகாலம் அடைத்துக் கிடந்தது. 1999இல் அந்த நாட்டு இறக்குமதி விதி தளர்ந்த பிறகுதான் கதவு திறந்தது. ஜாகுவார் எக்ஸ்ஜே220 இன்னும் பாவம். அதுவும் 300க்குள்தான் செய்தார்கள். வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின் என்று காட்டி முன்பணம் வாங்கிவிட்டு ஆறு சிலிண்டர் வி6 கொடுத்ததால் வழக்கு வரை போனது. விலையில் இந்த இரண்டுக்கும் அது ரொம்பக் கீழே. எண்ணிக்கை குறைவு என்பது வேறு, கேட்க ஆள் இருப்பது வேறு.

வேகத்தில் பெரியவர் சறுக்கினார். “எஃப்40 மணிக்கு 324 கிலோமீட்டர்டா!” 959 எட்டியது 317. ஏழு கிலோமீட்டருக்கு இத்தனை சத்தம்! நூறைத் தொடுவதில் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் 959தான் முந்தும்: 3.7 விநாடி. எஃப்40க்குக் கம்பெனி சொன்ன கணக்கே 4.1. ஒன்று மழையிலும் நிதானமாகப் போகும் பொறியியல் அதிசயம். மற்றது கம்பளம், ரேடியோ எதுவும் இல்லாமல், கதவைத் திறக்க உள்ளே ஒரு கயிறு மட்டும் வைத்த ரேஸ் வண்டி. ஓர் எண்ணை வைத்து இவற்றில் எது மேல் என்று சொல்ல முடியாது.

எனக்கு எரிச்சல் தருவது அடுத்த தவறு: மாடலின் விலையைப் படித்துவிட்டு, கண் முன் நிற்கும் வண்டிக்கும் அதே விலையைப் போடுவது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர்களைக் கவனியுங்கள். பர்மா தேக்குத் தூண் என்றால் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். மேலே புது வார்னிஷ் பளபளத்தால் முகம் சுருங்கும். எஃப்40க்கும் அதே கண் வேண்டும். தொடக்ககால வண்டிகளில் பெயின்ட் அத்தனை மெலிசு; உற்றுப் பார்த்தால் அடியிலுள்ள கார்பன் இழைப் பின்னல் தெரியும். கண்ணாடிபோல வழவழவென்று இருந்தால், பிறகு யாரோ பூசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். எஞ்சின் எண் கம்பெனிப் பதிவோடு ஒத்துப்போகிறதா, சர்வீஸ் சீட்டுகள் விட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்பதும் அப்படித்தான்.

பராமரிப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எஃப்40இன் ரப்பர் பெட்ரோல் பைகள் ஓட்டாமல் வைத்திருந்தாலும் வயதாகிக் கெடும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ‘ஓடாத வண்டி, அதனால் செலவில்லை’ என்பது கனவு.

நம் ஊர்க் கணக்கு ஒன்று பாக்கி. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது கடந்த வண்டிக்குத்தான் ‘விஏ’ எழுத்தோடு விண்டேஜ் பதிவு. அதை வைத்து அன்றாடம் ஓட்டவும் கூடாது. 1987இல் பதிவான எஃப்40 என்றாலும் 2037 வரை பொறுக்க வேண்டும். இதைச் சொன்னதும் பெரியவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அப்ப எனக்கு எழுபத்தஞ்சு” என்றார்.