"12 வோல்ட்தானே!": தோட்டத்து சோலார் வயரிங்கில் செய்யும் தவறுகள்

கரன்ட் கம்பம் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு இரண்டு பேனல், பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு டியூபுலர் பேட்டரி, ஒரு சின்ன இன்வெர்ட்டர். தொட்டால் ஷாக் அடிக்காத 12 வோல்ட்தானே என்று, வீட்டில் மிச்சம் கிடந்த வயரை எடுத்து இழுத்துவிடுகிறோம். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

500 வாட் மிக்ஸிக்கு வீட்டு 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் சொச்சம் போதும். அதே 500 வாட்டை 12 வோல்ட் பேட்டரி கொடுக்க 42 ஆம்பியர் ஓட வேண்டும். இன்வெர்ட்டர் தின்பது தனி. வயரைச் சூடாக்குவது இந்த ஆம்பியர்தான். இன்வெர்ட்டரை கன்ட்ரோலரின் 'லோடு' முனையில் மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த முனை லைட்டுக்கும் சின்ன ஃபேனுக்கும்தான். இன்வெர்ட்டர் நேராக பேட்டரிக்குப் போக வேண்டும்.

கன்ட்ரோலரை பேட்டரியிலிருந்து 10 மீட்டர் தள்ளி மாட்டி, 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இழுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போக வர 20 மீட்டர். 20 ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட் வந்துவிட்டது, பேட்டரி நிறையப்போகிறதென்று கரன்ட்டைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரியிலோ அப்போது 12.7தான் இருக்கும். வெயில் சாய்வதற்குள் நிறையாது. நாம் பேட்டரி விற்ற கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். கன்ட்ரோலரை பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் நேர் மேலே வேண்டாம்: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

அடுத்தது பேனல் பொருத்தம். மலிவாகக் கிடைக்கிறதென்று 330 வாட் பேனலை பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் (பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துவிடும் எளிய வகை) மாட்டினால், பேனலின் 9 ஆம்பியர் அப்படியே பேட்டரி வோல்ட்டேஜில் இறங்கும். கிடைப்பது 120 வாட் அளவுதான். அதற்கு, மிஞ்சும் வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் வேண்டும்.

எம்பிபிடியிலும் ஒரு கண்ணி உண்டு. பேனல் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ் (எதையும் மாட்டாதபோது வரும் வோல்ட்டேஜ்) 25 டிகிரியில் அளந்தது. குளிர்ந்தால் அது டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம் ஏறும். 46 வோல்ட் பேனல் இரண்டை சீரியஸில் போட்டால் 92. சமவெளியில் கவலையில்லை. ஊட்டி மாதிரி உறைபனி விழும் இடத்தில், விடியலில் அதுவே 99ஐத் தொடும். 100 வோல்ட் வரைதான் தாங்கும் கன்ட்ரோலரை நான் அங்கே நம்ப மாட்டேன். 150 வோல்ட் தாங்குவதை வாங்குவேன்.

அப்புறம் எம்சிபி, அதாவது கரன்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச். வீட்டு ஏசி (மாறுதிசை மின்சார) எம்சிபியை இங்கே போடவே கூடாது. ஏசி கரன்ட் விநாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைகிறது. பேனலும் பேட்டரியும் தரும் டிசியில் (ஒரே திசையில் ஓடும் கரன்ட்) அந்த இடைவெளி கிடையாது. பொறி நீண்டு எம்சிபியே எரியலாம். டிசி எம்சிபியிலும் சிலவற்றில் பிளஸ் மைனஸ் குறி இருக்கும், மாற்றி மாட்டக்கூடாது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் கட்டாயம்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் 12ஆ, 24ஆ என்று முடிவு செய்கின்றன. கழற்றும்போது முதலில் பேனல். இதற்காகப் பகலில் கூரையேறி பேனல்மேல் போர்வை போர்த்துகிறவர்கள் உண்டு. பேனல் பக்கம் ஒரு டிசி எம்சிபி இருந்தால் கீழே நின்றே வேலை முடிந்துவிடும்.