வீட்டுக் கணினியில் குழல் ஆர்கன்: மென்பொருளுக்குப் பொருந்தும் சாம்பிள் செட்டைத் தேர்ந்து அமைக்கும் முறை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கும் பலருடைய வீட்டில் 61 கட்டைகள் கொண்ட ஒரு கீபோர்டும் ஓரளவு நல்ல கணினியும் ஏற்கெனவே இருக்கின்றன. இவ்விரண்டையும் ஒரு யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கணினியில் அதற்குரிய மென்பொருளையும் நிறுவினால், ஐரோப்பாவின் ஏதோ ஒரு தேவாலயத்தில் நிற்கும் குழல் ஆர்கனை, அதன் ஒவ்வொரு குழலின் உண்மையான ஒலியோடு வீட்டிலிருந்தே வாசிக்க முடியும். இதைச் செலவில்லாமலேயே தொடங்கலாம். ஆனால் புதியவர்கள் பலர், ஒலி மாதிரியைக் கேட்டு மயங்கிப் பல ஜிபி அளவுள்ள கோப்பை இரவெல்லாம் பதிவிறக்கிய பிறகே, அது தங்கள் மென்பொருளில் திறக்காது என்பதை அறிகிறார்கள். ஆர்கனின் அழகைப் பார்க்கும் முன் கோப்பின் வகை, அளவு, உரிமம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்த விளக்கத்தின் அடிப்படை.

சாம்பிள் செட் என்பது என்ன

சாதாரணக் கீபோர்டில் உள்ள 'சர்ச் ஆர்கன்' ஒலியில், பெரும்பாலும் சில ஒலிப்பதிவுகளே சுருதி ஏற்றியும் இறக்கியும் எல்லாக் கட்டைகளுக்கும் பகிரப்படுகின்றன. சாம்பிள் செட்டில் அப்படியில்லை. ஒரு ஸ்டாப்பில், அதாவது ஒரு குமிழை இழுத்ததும் ஒலிக்கத் தயாராகும் ஒரே வகைக் குழல்களின் வரிசையில், 56 குழல்கள் இருந்தால், 56 குழல்களும் தனித்தனியாகப் பதிவு செய்யப்படுகின்றன. ஒவ்வொரு பதிவிலும் குழல் ஒலிக்கத் தொடங்கும் கணம், கட்டையை அழுத்தியிருக்கும் வரை சுழன்றுகொண்டேயிருக்கும் நடுப்பகுதி, கட்டையை விட்டதும் ஆலயத்தில் கரையும் எதிரொலி என மூன்று பகுதிகள் உள்ளன. கட்டையைத் தொட்டு விடுவதற்கும் நீண்ட நேரம் அழுத்தி விடுவதற்கும் எதிரொலி வேறுபடுவதால், நல்ல செட்டுகளில் ஒரே குழலுக்கு இரண்டு மூன்று எதிரொலிப் பதிவுகள் இருக்கும்.

இந்தப் பதிவுகள் வேவ் கோப்புகளாக இருக்கும். எந்தக் கட்டைக்கு எந்தக் கோப்பு, எந்த ஸ்டாப் எந்த மேனுவலை (கையால் வாசிக்கும் கட்டை வரிசையை)ச் சேர்ந்தது, திரையில் குமிழ்கள் எங்கே தோன்ற வேண்டும் என்பவற்றையெல்லாம் எழுதி வைத்திருப்பது 'ஆர்கன் டெஃபினிஷன்' என்னும் தனிக் கோப்பாகும். பொருத்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கோப்பிலிருந்தே எழுகின்றன.

படி 1: மென்பொருளை முடிவு செய்தல்

தொடங்குபவருக்கு என் பரிந்துரை கிராண்ட்ஆர்க். இது கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும், கட்டணம் கிடையாது. இத்துறையில் பெயர்பெற்ற மற்றொன்று ஹாப்ட்வெர்க். மார்ட்டின் டைட் உருவாக்கியது, இப்போது மிலன் டிஜிட்டல் ஆடியோ நிறுவனத்துடையது. பெரிய தேவாலயங்களின் விலையுள்ள செட்டுகளில் மிகுதியானவை இதற்காகவே தயாரிக்கப்படுகின்றன. விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே இயங்கும். 5-ஆம் பதிப்பு முதல் ஐலாக் என்னும் உரிம முறையைப் பயன்படுத்துகிறது. மோடார்ட் நிறுவனத்தின் ஆர்கன்டெக் ஒலிப்பதிவுகளை வைத்திருக்காமல் குழலின் இயற்பியலைக் கணக்கிட்டே ஒலியை உருவாக்குவதால் அதற்குச் சாம்பிள் செட்டே தேவையில்லை. மிகப் பழைய கணினி மட்டுமே கைவசம் இருந்தால், சவுண்ட்ஃபான்ட் என்னும் ஒலித்தொகுப்புக் கோப்புகளைக் கொண்டு இயங்கும் ஜெஆர்கனைப் பார்க்கலாம்.

படி 2: செட் பொருந்துமா என்று சோதித்தல்

இந்தப் படியில் அவசரம் கூடாது. கிராண்ட்ஆர்க் திறக்கும் கோப்புகள் இரண்டே வகை. ஒன்று, 'ஆர்கன்' என்ற பின்னொட்டுடன் முடியும் டெஃபினிஷன் கோப்பு. இதனுடன் வேவ் கோப்புகள் நிறைந்த கோப்புறைகளும் இருக்கும். மற்றொன்று, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டிய 'ஓ ஆர் ஜி யூ இ' என்ற எழுத்துகளில் முடியும் கோப்பு. ஹாப்ட்வெர்க்கின் இன்றைய டெஃபினிஷன் கோப்போ எக்ஸ்எம்எல் முறையில் எழுதப்பட்டது; அதை கிராண்ட்ஆர்க்கால் படிக்க இயலாது. ஆகவே பதிவிறக்கப் பக்கத்தில் 'ஹாப்ட்வெர்க்குக்கு' என்று மட்டும் இருந்தால், அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சில ஹாப்ட்வெர்க் செட்டுகளின் ஒலிப்பதிவுகள் பூட்டப்படாத சாதாரண வேவ் கோப்புகளாகவே இருக்கும். அவற்றுக்கென கிராண்ட்ஆர்க் டெஃபினிஷன் கோப்பைத் தயாரிப்பாளரோ ஆர்வலரோ தனியாக எழுதியிருந்தால், அந்தச் செட்டை கிராண்ட்ஆர்க்கிலும் வாசிக்கலாம். ஆனால் தயாரிப்பாளரின் உரிம விதிகள் அதற்கு இடம் தருகின்றனவா என்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுகளே பூட்டப்பட்ட செட்டுகள் ஹாப்ட்வெர்க்குக்கு வெளியே எந்த வழியிலும் ஒலிக்கா. ஒரு குழலைப் பதிவு செய்வதற்காக இரவு முழுவதும் குளிர்ந்த ஆலயத்தில் காத்திருந்து உழைத்தவர்களின் உரிமையை மதிப்பது, இக்கலையை நேசிப்பவரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

இரண்டு மென்பொருள்களுக்கும் தனித்தனிக் கோப்புகளை இலவசமாகவே தரும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். போலந்தைச் சேர்ந்த பியோட்டர் கிராபோவ்ஸ்கி வெளியிட்டுள்ள ஃப்ரீசாக் ஆர்கன் அத்தகையது. ஆஸ்திரியாவின் ஃப்ரீசாக் ஊர்த் தேவாலயத்து இசைக்கருவி அது. இத்தகைய செட்டுகளில் கிராண்ட்ஆர்க்குக்கு உரிய கோப்பைத்தான் பதிவிறக்குகிறோமா என்பதை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.

கோப்பைக் கையாளும்போது நேரும் பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இணைய வேகம் போதாமல் நண்பர் வீட்டிலோ அலுவலகத்திலோ இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருபவர்கள், அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது என்பதை அறிந்திருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொண்டால் போதும். பல துண்டுகளாக வரும் சுருக்கக் கோப்புகளை ஒரே கோப்புறையில் வைத்து, முதல் துண்டை மட்டும் விரித்தால் மற்றவை தாமாக விரியும். விரித்த பின் கோப்புறைகளின் பெயரை மாற்றக் கூடாது. டெஃபினிஷன் கோப்பு அந்தப் பெயர்களைக் கொண்டே ஒலிப்பதிவுகளைத் தேடுகிறது. லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கணக்கில் வருவதால், விண்டோஸில் திறந்த செட் அங்கே 'கோப்பு இல்லை' என்று நின்றுவிடக்கூடும். இடம் மிச்சம் பிடிக்க எண்ணி வேவ் கோப்புகளை எம்பி3 ஆக்குவதோ, வேறு ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து சேமிப்பதோ வேண்டாம். ஒலி எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்குச் சுழல வேண்டும் என்ற குறிப்பு அந்தக் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. மாற்றினால் அது அழிந்துவிடும், கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஒலி நின்றுவிடும்.

படி 3: நினைவகக் கணக்கு

செட் முழுவதும் ராம் நினைவகத்தில் ஏறிய பிறகே வாசிக்க முடியும். எனவே இறக்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ முறையில் பதிந்த ஒலி ஒரு நொடிக்கு 2,88,000 பைட் எடுத்துக்கொள்ளும். ஒரு குழலுக்கு 5 நொடி ஒலியும், 4 நொடி எதிரொலி மூன்றும் என்று வைத்தால் மொத்தம் 17 நொடி, அதாவது ஏறக்குறைய 4.9 எம்பி. 56 குழல்கள் கொண்ட ஒரு ஸ்டாப்புக்கு 274 எம்பி. அத்தகைய 20 ஸ்டாப்புகளுக்கு ஏறக்குறைய 5.5 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் விண்டோஸுக்கும் இடம் விட்டுப் பார்த்தால் இது மிக நெருக்கடியானது.

கிராண்ட்ஆர்க்கின் அமைப்புகளில் ஏற்றும் பிட் அளவை 16 ஆகக் குறைத்து, ஒரே ஒரு எதிரொலியை மட்டும் ஏற்றும்படி செய்தால், இதே ஆர்கன் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். பாமாலை வாசிப்பில் இந்தக் குறை எளிதில் காதுக்குத் தெரியாது. ஏற்றி முடித்ததும் 'கேஷ்' என்னும் தயார்நிலை நகலை உருவாக்கிக்கொண்டால் அடுத்த முறை விரைவாக ஏறும். மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் இது பெரிய உதவி. இன்வெர்ட்டரை யூபிஎஸ் நிலையில் வைத்திருந்தால் மின்சாரம் மாறும் கணத்தில் மேசைக் கணினி அணைந்து, எல்லாவற்றையும் மீண்டும் ஏற்ற வேண்டிய நிலையும் வராது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையின்போது கருவிகளின் இணைப்புகளைக் கழற்றி வைப்பது அவசியம்.

படி 4: கீபோர்டை இணைத்தல்

இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவை எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதைக் கணினிக்குச் சொல்லும் மிடி சைகையை யூஎஸ்பி வழியே அனுப்பும். பழைய கீபோர்டில் வட்டமான ஐந்துமுனை மிடி துளை மட்டும் இருந்தால், அதற்கு ஒரு யூஎஸ்பி மிடி இணைப்பி வாங்கிக்கொள்ளலாம். முதலில் கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்னும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் கீபோர்டின் சொந்த ஒலியும் சேர்ந்து கேட்கும்.

பிறகு கிராண்ட்ஆர்க்கில் 'ஆடியோ/மிடி' பட்டியலில் உள்ள 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, மிடி சாதனங்களில் உங்கள் கீபோர்டின் பெயரைத் தேர்வு செய்யுங்கள். ஆர்கனை ஏற்றியதும், திரையில் தெரியும் மேனுவலின் மேல் வலது சொடுக்கு செய்தால் ஒரு சாளரம் திறக்கும். அதில் 'லிசன்' பொத்தானை அழுத்திவிட்டுக் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், சாதனமும் சேனலும் தாமாக நிரம்பும். இரண்டு கீபோர்டுகள் இருந்தால் ஒன்றை முதல் மேனுவலுக்கும் மற்றதை இரண்டாவதற்கும் இதே முறையில் கற்பிக்கலாம். ஸ்டாப்புகளையும் கீபோர்டின் பொத்தான்களுக்கு இவ்வாறே ஒதுக்கலாம். ஒலி அளவுப் பெடல் இருந்தால், அதை ஆர்கனின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல் பெடலாக அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: தாமதத்தைக் குறைத்தல்

கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதம், கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடைத்தேக்கமான பஃபரின் அளவைப் பொறுத்தது. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் 21 மில்லி நொடி. 256 என்றால் 5 மில்லி நொடி. 256-இல் தொடங்கி, ஒலியில் வெடிப்பு கேட்டால் மட்டும் கூட்டுங்கள். விண்டோஸில், தாமதம் குறைவாக ஒலியை அனுப்பும் அசியோ இயக்கி தேவை. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவர்களுக்கு அசியோ4ஆல் இலவசமாகக் கிடைக்கிறது. புளூடூத் ஸ்பீக்கரும் ஹெட்போனும் இதற்கு உதவா. கம்பி இணைப்பே வேண்டும்.

படி 6: சுருதியும் வாசிப்பும்

பழைய ஆர்கன்கள் பல, இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதியில் இல்லை. சில, சம இடைவெளிச் சுருதி முறையிலும் இல்லை. பாடகர் குழுவோடு பயிற்சி செய்பவர்கள் கிராண்ட்ஆர்க்கில் 'டெம்பரமென்ட்' பகுதியில் ஈக்குவல் முறையைத் தேர்ந்து, சென்ட் அளவில் சுருதியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 100 சென்ட் அரைச் சுரத்துக்குச் சமம்.

லண்டன் மிஷன் மரபில் வளர்ந்த நமது சபைகளில் பாமாலைகளை நான்கு குரலில் பாடும் வழக்கம் உண்டு. குழல் ஆர்கன் அதற்கென்றே அமைந்தது போன்ற இசைக்கருவி. கீர்த்தனைகளுக்கு ஆர்மோனியமே பொருந்தும் என்பது என் துணிபு. பாமாலைக்கு, ஆர்கனின் அடிப்படை ஒலியான பிரின்சிபாலில் 8 அடி (கட்டையின் இயல்பான சுருதி), 4 அடி (ஒரு ஸ்தாயி மேலே) இரண்டையும் இழுத்துத் தொடங்குங்கள். இதே குழல் வகை ஆங்கிலேய ஆர்கனில் ஓப்பன் டயாபேசன் என்றும் பிரெஞ்சு ஆர்கனில் மோன்ட்ர் என்றும் எழுதப்பட்டிருக்கும். கடைசிச் சரணத்துக்கு 2 அடியைச் சேர்க்கலாம். விரலின் அழுத்தத்தால் ஆர்கனின் ஒலி அதிகரிக்காது. சஸ்டெயின் பெடலும் இதில் இல்லை. கீபோர்டில் பழகிய கைகள், ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு விரலாலேயே இடைவெளியின்றி நகரப் பழக வேண்டும். இதற்குப் பொறுமை தேவை. ஆனால் நான்கு குரல்களும் தனித்தனியே கேட்கத் தொடங்கும்போது கிடைக்கும் நிறைவு பெரிது.

ஆலயத்தில் பயன்படுத்துவோருக்கு

வீட்டில் எதிரொலி நிறைந்த 'வெட்' செட் இனிமையாக இருக்கும். அதையே உயர்ந்த கூரையுள்ள ஆலயத்தில் ஒலிக்கவிட்டால் இரண்டு எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பாட்டின் அசைகள் கலங்கிவிடும். அங்கே எதிரொலி குறைந்த 'டிரை' செட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். 8 அடிக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் 16 அடி ஸ்டாப்பின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறக்குறைய 33 ஹெர்ட்ஸ்; பேச்சுக்காக அமைக்கப்பட்ட ஸ்பீக்கர்களால் அதை எழுப்ப இயலாது. தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கராகிய சப்வூஃபர் இல்லாத ஆலயத்தில், காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளுக்கு 16 அடியோடு 8 அடி ஸ்டாப்பையும் சேர்த்தே வையுங்கள். அப்போதுதான் சபையாருக்கு அடிக்குரல் தெளிவாகக் கேட்கும்.