ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை: காதணியில் கிடைத்த விடை

மூன்று வாரமாக அதிகாலை ஜெபத்துக்கு முழங்கால்போட்டால் போதும், மனம் பங்குச்சந்தைக்கு ஓடிவிடும். 'பிதாவே' என்று தொடங்கி முந்தின நாள் விலையில் வந்து நிற்பேன்.

தூக்கக் கலக்கம் என்று நினைத்து அலாரத்தை மாற்றினேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். பிறகு பங்கு விலை பார்க்கும் செயலியையே போனிலிருந்து நீக்கினேன். இரண்டு நாள் சரியாக இருந்தது, மூன்றாம் நாள் பழையபடி.

வழிகாட்டியது வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 35:4. தேவனைத் தொழ பெத்தேல் என்ற இடத்துக்குப் போகுமுன் யாக்கோபின் வீட்டார் அந்நிய தெய்வங்களோடு காதணிகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அவர் சீகேம் அருகே கர்வாலி மரத்தடியில் புதைத்தார். காதணி எதற்கு? எத்தனையோ முறை வாசித்தும் அந்தச் சொல்லில் நான் நின்றதில்லை. சிலையோடு ஒட்டியிருந்ததும் போகவேண்டும் என்றே எனக்குப் பட்டது.

செயலி போயிருந்தது. ஆனால் விலை குறித்துவைத்த தாள் என் வேதாகமத்துக்குள்ளேயே, சங்கீதத்தில், பக்க அடையாளமாக இருந்தது! தினமும் அதைத் தொட்டுத்தான் வேதத்தைத் திறந்திருக்கிறேன். கிழித்தேன். அந்த வாரமே பங்குகளை விற்று, பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்கை மூட எழுதிக்கொடுத்தேன். பங்கு வாங்குவதே பாவம் என்று சொல்லவில்லை. என் இருதயத்தில் அது கர்த்தரின் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஜெபம் முக்கால் மணி நேரம், சிதறவே இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தாள் இருந்த இடத்தில் இப்போது காய்ந்த குருத்தோலைச் சிலுவை இருக்கிறது.